முன்பின் தெரியாத மைதானத்தில் கோல்ஃப்: வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பத்தில் 150 என்று எழுதியிருந்தது. ஏழாம் நம்பர் அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டையில் நான் அடிப்பது ஏறக்குறைய 150 யார்டு. எடுத்தேன், அடித்தேன், அடியும் சுத்தமாகவே விழுந்தது. ஆனால் பந்து கிரீனை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை, எட்டாமல் அதற்கு முன்னால் இருந்த குளத்தில் இறங்கியது. அடுத்த ஹோலில், அதாவது அடுத்த குழிக்கான ஆட்டத்தில், பங்கர் எனும் மணல்குழி. அதற்கடுத்ததில் மறுபடியும் தண்ணீர். இன்றைக்குக் கை சரியில்லை என்று நொந்துகொண்டே போய், ஐந்தாவது ஹோலில்தான் ஸ்கோர் கார்டை ஒழுங்காகப் பார்த்தேன். ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் தூரத்தை மீட்டரில் குறிக்கிறார்கள். அந்த 150 என்பது 164 யார்டு.

புதிய மைதானத்தில் வீணாகும் அடிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வீணாகின்றன என்பது என் கணக்கு. ஸ்விங் வழக்கம்போலத்தான் இருக்கும், தகவல்தான் இருக்காது. வழக்கமாக ஆடும் மைதானத்தில் எந்தப் பக்கம் சரிவு, எந்தப் புதருக்குள் போனால் பந்து திரும்பாது என்பதெல்லாம் காலுக்கே தெரியும். அந்த அறிவை வெளியூரில் யாரிடமிருந்து, எதிலிருந்து கடன் வாங்குவது என்று பார்ப்போம்.

படி 1: இடம் பிடிப்பது

தனியார் கிளப்புகள் பலவற்றில் வெளியாட்களுக்கு வாரத்தில் சில நாட்கள், சில நேரங்கள் மட்டும்தான். சிலவற்றில் உறுப்பினர் அழைத்துப் போனால்தான் உண்டு. அதனால் விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே மைதானத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண், அதை வைத்தே அடிச் சலுகை) சான்று கேட்பார்கள். ஜெர்மனியில் புதிதாக ஆட வருபவர் 'பிளாட்ஸ்ரைஃபெ' என்ற அடிப்படைத் தகுதியைப் பெற்ற பிறகுதான் மைதானத்தில் இறங்க முடியும். அங்கே போகிற வெளிநாட்டவரும் தன் ஹேண்டிகேப்புக்கு ஆதாரம் வைத்திருப்பது நல்லது. கைப்பேசியில் ஒரு படம், தாளில் ஒரு நகல், இரண்டும் இருக்கட்டும்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் பலருடைய கனவு. அது பொது நிலத்தில் இருக்கும் மைதானம், யாரும் ஆடலாம். ஆனால் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது, அன்று ஊர்க்காரர்கள் நடைபோவார்கள். முன்பதிவு கிடைக்காதவர்கள் இரண்டு நாள் முன்னதாக நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு நாள் மட்டும் அங்கே தங்குவதாகத் திட்டமிட்டால் ஏமாற்றம்தான். மூன்று நாள் வைத்துக்கொண்டு, இடம் கிடைக்காத நாளில் பக்கத்து மைதானங்களில் ஆடுங்கள்.

இறங்கிய அன்றே ஆடாதீர்கள். இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்த இடுப்பு காலையில் டிரைவர் எனும் நீள அடி மட்டைக்கு ஒத்துழைக்காது. நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். பின்லாந்தின் டோர்னியோவுக்கும் சுவீடனின் ஹபராண்டாவுக்கும் நடுவே ஒரு மைதானம் இரண்டு நாடுகளிலும் பரவிக் கிடக்கிறது. அங்கே ஆட்டத்தின் நடுவே எல்லையைத் தாண்டினால் கடிகாரமும் ஒரு மணி நேரம் மாறும். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், எந்த நாட்டு நேரப்படி என்று கேட்காமல் அங்கே போகக் கூடாது!

படி 2: மட்டைகளைக் கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா

ஒரே ஒரு ஆட்டம்தான் என்றால் வாடகையே போதும். அப்படியும் காலணி, கையுறை, பழகிய பந்து, பட்டர் (கிரீனில் பந்தைத் தட்டும் மட்டை) ஆகியவற்றை நான் விடுவதில்லை. அயர்ன் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். பட்டர் மாறினால் கை தடுமாறும். இடக்கை ஆட்டக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் இருக்காது.

சொந்த மட்டைகள் என்றால் டிரைவரின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையின் நடுவே வையுங்கள். எல்லா மட்டைகளையும்விட உயரமான ஒரு கம்பியைப் பைக்குள் நிறுத்தினால், தலைகீழாக விழுந்தாலும் அடி கம்பிக்குத்தான். மட்டைகளை விமானத்தில் கைப்பையாக விடமாட்டார்கள். தூரம் அளக்கும் கருவியின் உதிரி லித்தியம் பேட்டரியோ கைப்பையில்தான் வர வேண்டும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் காலணியையும் மட்டைகளையும் மண் துளிகூட இல்லாமல் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள். வெளிநாட்டு மண்ணும் விதையும் உள்ளே வருவதை அந்த நாடுகள் கடுமையாகத் தடுக்கின்றன. மைதானத்தில் போட்ட காலணி இருந்தால் நுழைவுப் படிவத்தில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். சுத்தமாக இருந்தால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்ற விதி எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குள் எவை என்பதுதான் கேள்வி. கடலோர லிங்க்ஸ் மைதானமா? தரை இறுகியிருக்கும், காற்று ஓயாது. உயரத் தூக்கும் வெட்ஜ் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, தாழ்வாகப் பறக்கவிடும் ஒரு நீண்ட அயர்னைச் சேர்க்கலாம்.

படி 3: முந்தைய நாள் இரவு வீட்டுப்பாடம்

ஒரு மணி நேரம் போதும். கூகுள் எர்த்தில் மைதானத்தைத் திறந்து ஒவ்வொரு ஹோலையும் மேலிருந்து பாருங்கள். எல்லோரும் டீயிலிருந்து (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் நோக்கிப் பார்ப்பார்கள். நான் தலைகீழாகப் பார்ப்பேன். முதலில் கிரீன். அதற்கு எந்தப் பக்கத்திலிருந்து வழி திறந்திருக்கிறது? அந்தப் பக்கம் போக இரண்டாவது அடி எங்கிருந்து வர வேண்டும்? அப்படியானால் டீயிலிருந்து எங்கே அடிப்பது? இந்த வரிசையில் யோசித்தால் பல நான்கு-பார் ஹோல்களில் (நான்கு அடிகளில் முடிக்க வேண்டியவை) டிரைவரே தேவையில்லை என்று புரியும்.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி. 18 ஹோலுக்கும் அதைக் கேட்டு, விடையை 'இடம்' அல்லது 'வலம்' என்று ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை? எல்லா அடியும் நேராகப் போகப் போவதில்லை என்று நமக்குத் தெரியும். எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பு நட்ட பக்கம் போனால் பந்தும் போச்சு, தூரமும் போச்சு. ரஃப் எனும் நீண்ட புல் உள்ள பக்கம் போனால் அரை அடிதான் நட்டம். தெரியாத மைதானத்தில் இதைவிடப் பயனுள்ள குறிப்பை நான் கண்டதில்லை.

அடுத்து, எந்த டீ. நிறத்தை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு அதன் பொருள் மாறும். பிரிட்டனில் மஞ்சள் டீயில் விருந்தினர் ஆடுவது வழக்கம், வெள்ளை பெரும்பாலும் போட்டிக்கு. ஜப்பானில் வெள்ளைதான் சாதாரண ஆட்டத்துக்கான டீ. நீளத்தைப் பாருங்கள். உங்கள் ஐந்தாம் நம்பர் அயர்ன் போகும் தூரத்தை 36-ஆல் பெருக்கினால் உங்களுக்குப் பொருத்தமான மைதான நீளம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 150 யார்டு அடிப்பவருக்கு 5,400 யார்டு. பலருக்கு இந்த எண் மானப் பிரச்சினையாகத் தோன்றும். தோன்றட்டும், முதல் முறை ஆடும் இடத்தில் ஒரு டீ முன்னால் போவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

உங்கள் ஹேண்டிகேப்பும் இடத்துக்கு ஏற்ப மாறும். 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஒவ்வொரு டீக்கும் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி ஆகும்), ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம்) என இரண்டு எண்கள் உண்டு. ஸ்லோப் 55 முதல் 155 வரை இருக்கும், நடுநிலை 113. உங்கள் இண்டெக்ஸை (எங்கும் மாறாத உங்கள் ஹேண்டிகேப் எண்) ஸ்லோப்பால் பெருக்கி 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் அந்த மைதானத்தில் உங்கள் ஹேண்டிகேப் வரும். இண்டெக்ஸ் 18 உள்ள ஒருவர், ஸ்லோப் 132, ரேட்டிங் 71.2, பார் 72 உள்ள இடத்தில் 20 அடி சலுகை பெறுவார். அவரே ஸ்லோப் 105, ரேட்டிங் 68.5, பார் 70 உள்ள இடத்தில் 15 மட்டுமே பெறுவார். ஐந்து அடி வித்தியாசம்! பந்தயம் கட்டி ஆடுவதாக இருந்தால் இந்தக் கணக்கை முதல் டீயிலேயே முடித்துவிடுங்கள்.

படி 4: தூரத்தின் கணக்கு

மீட்டரா யார்டா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பானில் யார்டு. ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் மீட்டர். மனக்கணக்குக்கு, மீட்டரோடு பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் யார்டு. 140 மீட்டர் என்றால் 154. துல்லியம் 153, ஆனால் அந்த ஒரு யார்டு நம்மைக் கவிழ்க்காது. தூரம் அளக்கும் கருவி இருந்தால் அதன் அமைப்பை உங்களுக்குப் பழகிய அலகுக்கு மாற்றிவிட்டுக் கம்பங்களைப் பார்க்காமலே ஆடலாம்.

உயரமான ஊர்களில் காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் போகும். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் 6 முதல் 10 சதவீதம் வரை கூடும் என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒரு மட்டை குறைவாக, குறுகிய தூரத்துக்கானதை எடுத்தால் போதும். மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரம், அங்கே இன்னும் அதிகம். குளிர் இதற்கு நேர் எதிர். கனமான சட்டை, விறைத்த விரல், அடர்ந்த காற்று எல்லாம் சேர்ந்து ஒரு மட்டை கூடுதலாகக் கேட்கும்.

படி 5: புல்லைப் படிப்பது

இதைப் பற்றித்தான் பயண ஆட்டக்காரர்கள் மிகக் குறைவாக யோசிக்கிறார்கள். சூடான நாடுகளின் கிரீன்களில் பெர்முடா வகைப் புல் அதிகம். அது படுத்து வளரும். புல் படுத்திருக்கும் திசையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் பாதியிலேயே நிற்கும். பந்துக்குப் பின்னாலிருந்து குழியைப் பாருங்கள். புல் பளபளவென்று தெரிந்தால் அது குழியை நோக்கிப் படுத்திருக்கிறது, வேகம் குறைத்துத் தட்டுங்கள். மங்கலாக, கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்த்து நிற்கிறது. இன்னொரு வழி, குழியின் விளிம்பைப் பார்ப்பது. ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோலவும் மறுபக்கம் பிய்ந்தும் இருந்தால், பிய்ந்த பக்கம் நோக்கியே புல் வளர்கிறது.

குளிர்நாடுகளின் பென்ட், ஃபெஸ்க்யூ புற்களில் இந்தத் தொல்லை குறைவு, சரிவுதான் முக்கியம். லிங்க்ஸ் மைதானத்தில் கிரீனுக்கு வெளியே 20 யார்டிலிருந்துகூடப் பட்டரால் தட்டலாம், தரை அவ்வளவு இறுக்கம். வெட்ஜால் தூக்கி அடித்துக் கலையைக் காட்டும் ஆசையை அங்கே அடக்கிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் உள்ள கிக்குயூ புல் ரஃபில் மட்டையைக் கவ்விப் பிடிக்கும். அதற்குள் பந்து விழுந்தால் தூரத்தை மறந்துவிட்டு வெட்ஜால் வெளியே எடுத்துவிடுவதே வழி.

படி 6: அந்த ஊர் வழக்கம்

ஜப்பானில் ஒன்பது ஹோல் முடிந்ததும் மதிய உணவுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் மீதி ஒன்பது, அப்புறம் குளியல். அவசர அவசரமாக விமானத்தைப் பிடிக்கும் நாளில் அங்கே டீ டைம் வாங்காதீர்கள், ஒரு முழு நாள் போய்விடும். பழைய மைதானங்கள் பலவற்றில் ஒரே ஹோலுக்கு இரண்டு கிரீன்கள் இருக்கும். அன்றைக்கு எது என்று கேட்டுவிட்டு அடியுங்கள். டீயிலிருந்து எல்லைக்கு வெளியே அடித்துவிட்டால், முன்னால் போய்த் தனி டீயிலிருந்து நான்காவது அடியாக ஆடும் ஏற்பாடும் அங்கே பரவலாக உண்டு. ஒரே அடியில் குழியில் போட்டவர் நண்பர்களுக்கு விருந்து வைக்க வேண்டும் என்பதும் வழக்கம். அந்தச் செலவுக்கென்றே அங்கே காப்பீடு விற்கிறார்கள் என்றால் பாருங்கள்.

தாய்லாந்தில் பெரும்பாலான மைதானங்களில் கேடி (மட்டைப் பையைப் பார்த்துக்கொண்டு ஆலோசனை சொல்பவர்) கட்டாயம், ஆட்டம் முடிந்ததும் அவருக்கு அன்பளிப்பு தருவது எதிர்பார்க்கப்படுகிறது. அமெரிக்காவிலும் அன்பளிப்பு வழக்கம். ஜப்பானில் தேவையில்லை. எவ்வளவு என்பதை ஆட்டத்துக்கு முன்பே வரவேற்பறையில் கேட்டுவிடுங்கள், கடைசி கிரீனில் பர்ஸைத் திறந்துகொண்டு தடுமாற வேண்டாம். கேடி கிடைத்தால் நம்புங்கள். என்னைவிட அதிகமாகவா அவருக்குத் தெரியும் என்று முதல் மூன்று கிரீன்களிலும் அவர் சொன்னதை மறுத்து, மூன்றிலும் மூன்று முறை தட்டியவன் நான்.

காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் அல்லாத கால்சட்டை, உலோக ஆணி இல்லாத காலணி. இவை இருந்தால் பெரும்பாலான ஊர்களில் வாசலில் நிறுத்தமாட்டார்கள்.

படி 7: ஆட்ட நாள், முதல் டீக்கு முன்

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அதில் பாதியை கிரீனில் செலவிடுங்கள், டிரைவரைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பத்துக் காலடிகள் நடந்து அந்தத் தூரத்திலிருந்து தட்டிப் பாருங்கள், குழியைக் குறிவைக்காமல் வேகத்தை மட்டும் பழகுங்கள். பிறகு மேட்டில் ஏறும் தட்டு, இறங்கும் தட்டு.

ஸ்கோர் கார்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். உள்ளூர் விதிகள் அங்கேதான் இருக்கும். பந்து தொலைந்தால் திரும்பிப் போகாமல் இரண்டு அடி அபராதத்துடன் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) பக்கம் போட்டு ஆடலாம் என்ற விதியைச் சில மைதானங்கள் சாதாரண ஆட்டங்களுக்கு ஏற்றிருக்கும், சில ஏற்றிருக்காது. குளிர்காலத்தில் ஓல்ட் கோர்ஸில் ஃபேர்வேயிலிருந்து அடிக்கும்போது பந்தைச் சிறிய செயற்கைப் பாயில் வைத்து அடிக்கச் சொல்வார்கள். கம்புகளின் நிறம் மட்டும் எங்கும் ஒன்றுதான்: வெள்ளை எல்லை, மஞ்சளும் சிவப்பும் அபராதப் பகுதி. கொடியின் நிறம் குழி முன்னாலா பின்னாலா என்று சொல்லும், ஆனால் எந்த நிறம் எதற்கு என்பது இடத்துக்கு இடம் வேறு. கேளுங்கள்.

முதல் டீயில் ஆட்டக்காரர்களை வரிசையாக அனுப்பும் ஸ்டார்ட்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கிரீன் வேகமாக இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் எந்த ஹோலில்? டீயிலிருந்து கிரீன் தெரியாத ஹோல்கள் எவை? மூன்றாவது கேள்வி முக்கியம். அயர்லாந்தின் லாஹிஞ்சில் 'டெல்' என்ற மூன்று-பார் ஹோலின் கிரீன் மணல்மேடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருப்பார்கள், அன்றைக்குக் குழி இருக்கும் திசையை அந்தக் கல் காட்டும். 1860-இல் முதல் ஓபன் சாம்பியன்ஷிப் நடந்த பிரெஸ்ட்விக்கிலும் 'ஹிமாலயாஸ்' என்ற மறைந்த ஹோல் உண்டு. இப்படிப்பட்ட ஹோல்களில் மணி இருந்தால், கிரீனை விட்டு விலகியதும் அதை அடிக்க மறக்காதீர்கள். பின்னால் காத்திருப்பவருக்கு அதுதான் பச்சை விளக்கு.

படி 8: மைதானத்துக்குள்

முதல் மூன்று ஹோல்களில் கொடியைப் பார்க்கவே வேண்டாம். கிரீனின் நடுவைக் குறிவையுங்கள். நடுவிலிருந்து குழி எங்கே இருந்தாலும் இரண்டு தட்டில் முடிந்துவிடும். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை) 1, 2, 3 என்று கார்டில் போட்ட ஹோல்களில் போகியே, அதாவது பாரைவிட ஓர் அடி கூடுதலே, நம் பார் என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கோரை ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டின் இந்தப் புள்ளிமுறையில் 1932-இல் இங்கிலாந்தின் வாலஸியில் போட்டி நடந்தது. ஒரு ஹோல் நாசமானால் புள்ளி பூஜ்யம், அவ்வளவுதான். பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போகலாம். தெரியாத மைதானத்தில் ஒன்றிரண்டு ஹோல்கள் கட்டாயம் நாசமாகும், பின்னால் வருபவர்களையும் காக்கவைக்க வேண்டியதில்லை.

பந்து தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்த உடனே இன்னொரு பந்தைத் தற்காலிகமாக அடித்துவிடுங்கள். தேட மூன்று நிமிடம்தான். 2019-க்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது, அந்தப் பழக்கத்தில் இன்னமும் புதருக்குள் சுற்றுபவர்களைப் பார்க்கலாம்.

உயிரினங்கள் விஷயத்தில் வீரம் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் ஸ்குகுசாவில் வேலி இல்லாத ஒன்பது ஹோல் மைதானம் இருக்கிறது, நீர்யானை வரும். ஃப்ளோரிடாவில் குளக்கரைகளில் முதலை கிடக்கும். பாம்பு, முதலை, தேனீக்கூடு போன்ற ஆபத்துக்கு அருகில் பந்து நின்றால் அபராதம் இல்லாமல் பாதுகாப்பான இடத்தில் போட்டு ஆட விதியே இருக்கிறது. மின்னல் எச்சரிக்கையாக நீண்ட ஒரே சைரன் கேட்டால் அடிக்கத் தூக்கிய மட்டையையும் கீழே வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். மீண்டும் தொடங்க இரண்டு குறுகிய ஒலி வரும்.

படி 9: ஆட்டம் முடிந்த பிறகு

வெளிநாட்டில் ஆடியதும் உங்கள் ஹேண்டிகேப் கணக்கில் சேரும். ரேட்டிங், ஸ்லோப், பார் மூன்றும் கார்டிலேயே இருக்கும், கூட ஆடியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே பதிந்துவிடுங்கள். கார்டின் ஓரத்தில் முந்தைய இரவு எழுதிய 'இடம், வலம்' குறிப்புகளை எடுத்து, எது பொய்த்தது என்று திருத்துங்கள். பெரும்பாலும் ஐந்தாறு மாறும். என் ஐரோப்பியக் கார்டை இன்னும் வைத்திருக்கிறேன், ஐந்தாவது ஹோலுக்கு எதிரே பெரிய எழுத்தில் 'மீட்டர்' என்று இருக்கிறது.

அறைக்குப் போனதும் முதல் வேலை காலணியின் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைப்பது. அடுத்த விமான நிலையத்தில் கேட்பார்கள்.